ஹித்தாமின் கழுத்துத் தகடு

மலாக்காவின் காஜா பேராங் பேட்டையில் ஒருவர் தம் வீட்டையே அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக, செருப்பு மாட்டும் நேரம் போதும். நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் ஒரு சாவி கைமாறினாலே பட்டியலைப் படித்து இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டுச் சொந்தக்காரர் அர்ச்சுனன் பிள்ளையோ, மலாயா சுதந்திரம் வாங்குவதைப் பார்க்கக் குடும்பத்தோடு கோலாலம்பூர் கிளம்பியபோது, வீட்டையும் ஹித்தாம் என்ற கறுப்பு நாயையும் பின்கட்டில் குடியிருக்கும் என் தலையில் கட்டிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார்.

பிள்ளை மலாக்காச் செட்டி. பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். நாய்க்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். "தாக் அப்பா, தம்பி, தாக் அப்பா" என்று சிரித்தார். பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லைக் கதவின் தாழ் சரியாக விழாது என்பதையாவது சொன்னாரா மனிதர்?

மறுநாள் புதன்கிழமை. புதுக்கோட்டையில் புதனும் சனியும் எங்களுக்கு எண்ணெய்க் குளியல். அப்பா அண்ணன் தம்பி எங்கள் மூவரையும் கிணற்றடியில் நிறுத்தி, தாயத்து, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் எண்ணெயில் கை வைப்பார். ஹித்தாம் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு நின்றது. பாவம் என்று நானும் அதே பழக்கத்தில் கழுத்துப்பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சீயக்காய் கரைத்துத் தேய்த்தேன். கண்ணில் பட்டதோ என்னவோ, ஒரே உதறு. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டது.

இரண்டு தெரு தேடியிருப்பேன், வெடிச் சத்தம் கேட்டது. சுதந்திரத்துக்குப் பட்டாசு வெடிக்கிறார்கள் என்று நினைத்தேன், பாவி. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் முனியாண்டி எதிரே ஓடி வந்தார்.

"என்ன சார் நீங்க! கழுத்துல லைசென்ஸ் தகடு இல்லாம நாய வெளிய உடலாமா? முனிசிபல் ஆளுங்க சுட்டுருவானுங்கன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே லா!"

"எனக்கு யாரும் சொல்லலையேங்க!"

"இதெல்லாமா சொல்லுவாங்க?"

அதுதான் ஐயா என் ஆத்திரம்! பட்டையில் தொங்கிய அந்தத் தகட்டை நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஊரில் இருப்பவர்களே, உங்களையும் கேட்கிறேன். எந்தக் கதவு சரியில்லை, எந்த மருந்து எதற்கு, எதைத் தொடக்கூடாது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் கை தேய்ந்தா போய்விடும்? ஒரு வாயில்லா ஜீவன் அதற்காகவா சாக வேண்டும்?

சுதந்திர விழா முடிந்து திரும்பிய பிள்ளையின் குழந்தைகள் காகிதக் கொடிகளோடு, ஹித்தாமைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். பிள்ளை ஆணியில் தொங்கிய பட்டையைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். "தாக் அப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது வேறு நாய்க்குட்டி வந்திருக்கிறது. தகட்டைக் கழற்றாதே, கொல்லைக் கதவுக்குக் கல் வை என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி, அந்த ஆணிக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ்தான். குழந்தைகள் அதன் சுழிகளை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் அவர்கள் சிங்கப்பூர் போகிறார்கள்; சாவி மறுபடியும் எனக்குத்தான். அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். இனி அது தேவைப்படாதவனும் நான் ஒருவன்தான்.