“சேறு அழகா இருந்துச்சு, மிஸ்”

ராட்டர்டாமில் என் மகள் சஃபியாவின் வகுப்புக்குத் துணையாக மியூசியம் போயிருந்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரே ஒரு ஓவியத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முழுதாக இருபது நிமிடம். வழிகாட்டிப் பெண் ஒவ்வொருவரிடமும் ‘வாட் ஸீ யே?’ என்று கேட்டாள். என்ன பார்க்கிறாய் என்று அர்த்தம். ‘மேகத்துக்குப் பசிக்கிறது’ என்றான் ஒருவன். அதற்கும் பொறுமையாகத் தலையாட்டினாள். என் முறை வந்ததும் ஓவியரின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, ஓவியத்தின் நீள அகலம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை வந்தவுடனேயே மனப்பாடம் செய்திருந்தேன். ‘கலை வரலாறு படித்தவரா நீங்கள்?’ என்று மரியாதையோடு கேட்டாள். திருவாரூரில் படித்தவள் என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருவாரூர் போய்ப் படித்தேன். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். எங்கள் பள்ளியிலும் ஓவிய வாத்தியார் ஒருவர் இருந்தார். வருஷம் முழுக்க அவர் வரைந்தது வருகைப் பதிவேட்டில் கோடுகள்தான். அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். வரலாறு என்றால் புத்தகத்தில் ‘இங்கிருந்து இதுவரை’ என்று ஒரு பென்சில் கோடு. ஒரு பரீட்சையில், அரசன் ஆற்றுக்குக் கரை கட்டினான் என்ற பதிலுக்குக் கீழே, மண் சுமந்தவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று எழுதிவைத்தேன். டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்து, ‘கேட்டதற்கு மட்டும் பதில்’ என்று எழுதித் திருப்பித் தந்தார். பள்ளியில் நான் ஒழுங்காகக் கற்ற பாடம் அது ஒன்றுதான். அதை வைத்தே டிகிரி வாங்கினேன், விசா வாங்கினேன்.

வெளிநாடு போனவர்களுக்கு ஊரைத் திருத்தும் வியாதி ஒன்று வரும். எனக்கும் வந்தது. அடுத்த விடுமுறையில் திருவாரூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களோடு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். வாசலில் ‘நுழைவுத் தேர்வுப் பயிற்சி, ஆறாம் வகுப்பிலிருந்தே’ என்று பேனர். கலை, இலக்கியம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் கரஸ்பாண்டன்ட் சிரித்தார். “பேசுங்க மேடம், பிள்ளைங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ல.”

“நீங்க பார்த்த ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க” என்றேன். “சிலபஸ்ல இருக்கா மிஸ்?” என்றாள் முதல் பெஞ்சுக்காரி. பிறகு, விடுதியில் தங்கிப் படிக்கும் வேதாரண்யத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“புயலுக்கு மறுநாள் எங்க உப்பளம் பூரா சேறு மிஸ். அப்பா பேசவே இல்ல. அம்மா அழுதாங்க. ஆனா வெயில் பட்டதும் அந்தச் சேறு பளபளன்னு அழகா இருந்துச்சு. அப்படி நெனச்சது தப்பா மிஸ்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாசலில் நின்றிருந்த கரஸ்பாண்டன்ட்டும் சிரித்தார். “சேத்தைப் பார்த்தது போதும், உக்காரும்மா. மேடம், நீங்க எப்படி வெளிநாடு போனீங்கன்னு சொல்லுங்க. அதான் பிரயோஜனம்.”

சொன்னேன். எந்த குரூப், என்ன கோர்ஸ், எந்த விசா, எல்லாம் சொன்னேன். எல்லோரும் குனிந்து குறிப்பெடுத்தார்கள். அந்தப் பெண்ணும் எடுத்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்கப்பட்ட உண்மையான கேள்வி அவளுடையது மட்டுமே. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கரஸ்பாண்டன்ட் கேட்டதற்கு மட்டும் சொன்னேன்.

ராட்டர்டாம் திரும்பியதும் அவரைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் சஃபியாவின் பள்ளியில் கூப்பிட்டார்கள். இங்கே இந்த வயதில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் கலை, வரலாறு, மொழிகள் உள்ள பிரிவை எடுத்திருந்தாள். டிராமில் போகும்போது தமிழில் சொன்னேன்: “பேசாம சயின்ஸ் எடு. அப்புறம் என்ன வேணா வரைஞ்சுக்க. இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

‘அம்மா என்ன நினைக்கிறார்?’ என்று கேட்டார் அவளுடைய ஆசிரியர். ‘அவளுக்குப் பிடித்ததை அவள் படிக்கட்டும்’ என்று டச்சு மொழியில் அழகாகச் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். எவ்வளவு திறந்த மனம் என்று ஆசிரியர் பாராட்டினார்.

டிராமில் திரும்பும்போது சஃபியா பாதி தமிழிலும் பாதி டச்சிலுமாகக் கேட்டாள். “கையெழுத்துப் போட்டது எந்த அம்மா?”

எந்த மொழியில் பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.