சாம்பாருக்குக் கவர் இல்லை

இட்லிக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சனம் இட்லிக்கு வருவதில்லை, சாம்பாருக்குத்தான் வருகிறது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டிருக்கும் நான், அந்தச் சாம்பாரை எதில் ஊற்றிக் கொடுப்பது என்று கவலைப்பட்டே இளைத்தவள்.

கொக்குகள்

என் கடையின் பின்சுவரை ஒட்டி வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் வந்த ஆடி மாதம், விடியலில் இட்லி ஆவிக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் முழுக்கக் கொக்குகள். வெள்ளை வெள்ளையாக, மெல்ல அசைந்துகொண்டு. கனவு காண்பதுபோல் நின்றுவிட்டேன். வெளிச்சம் வந்தது, ஒன்றுகூடப் பறக்கவில்லை. எல்லாம் சாம்பார் கவர். அவை மதகை அடைத்துக்கொள்ள, தண்ணீர் என் அடுப்புவரை ஏறியது. என்னோடு மாவரைக்கும் செல்வி சேலையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "இதுல பாதி நாம குடுத்ததுதான்க்கா. திரும்பி வந்திருக்கு."

எதிர்க்கடை

அன்றோடு கவரை நிறுத்தினேன். எதிரே இட்லி விற்கும் கோவிந்தன் நிறுத்தவில்லை. பிளாஸ்டிக் கவருக்குத் தடை எல்லாருக்கும்தான், பயம் எனக்கு மட்டும். பாத்திரம் கொண்டுவாருங்கள் என்றால், ஆட்கள் அப்படியே தெருவைத் தாண்டிப் போனார்கள். மீந்த இட்லியை நானும் செல்வியும் உப்புமாவாக்கித் தின்றோம். லாபம் அவனுக்கு, வாய்க்கால் தண்ணீர் எனக்கா? கடை நிற்குமா என்று கல்லாவை எண்ணி எண்ணிப் பார்த்தேன். வழக்கமாக வரும் ஆட்டோக்கார பாய் ஒருநாள் என்னிடம் இட்லி வாங்கிக்கொண்டு, கோவிந்தனிடம் போய் வெறும் கவர் வாங்கிவந்து நீட்டினார். "கோவிச்சுக்காதீங்க. இட்லி உங்களுது, கவர் அவருது. பாவமும் அவருக்கே போகட்டும்."

சீர்காழி பஸ்

பஸ் புறப்படும் நேரம். கைக்குழந்தையோடு ஒரு பெண் சாம்பார் கேட்டாள். மனசு கேட்காமல் என் எவர்சில்வர் தூக்கிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டேன். பஸ் போன பிறகுதான் பயம் பிடித்தது. பச்சை வயல்களுக்கு நடுவே அந்தத் தூக்கு ஊர் ஊராக மிதந்து போவதுபோல் பகலெல்லாம் கண்ணில் தெரிந்தது. மறுநாள் கண்டக்டர் அதைக் கொண்டுவந்து வைத்தார், உள்ளே கத்தரிக்காய். "அந்தப் பொண்ணு குடுத்துவிட்டுது. கழுவித்தான் இருக்கு, முறைக்காதீங்க."

பச்சை மூடி

அந்தத் தைரியத்தில் பழைய தூக்குகள் வாங்கி, மூடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து இரவல் கொடுக்க ஆரம்பித்தேன். போனவை பெரும்பாலும் திரும்பின; போன ஆட்களும். ஐப்பசியில் நகராட்சிக்காரர்கள் வந்து கோவிந்தன் கடைக் கவர்களை அள்ளிப்போனார்கள். மறுநாள் விடியலில் வாய்க்காலில் வெள்ளையாக ஒன்று நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பறந்தது. முன்வாசலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம். கோவிந்தன். "அக்கா, பச்சை மூடித் தூக்கு ரெண்டு குடுங்க. ஆளு நிக்குது, சாம்பார் ஆறுது."

அவன் சாம்பாரில் உப்பு கூடுதல் என்று ஊருக்கே சொல்லிவந்தவள் நான். இப்போது அது என் தூக்கில் போகிறதே என்பதுதான் புதுக் கவலை.