பெட் கேட்டோம்... போலீஸ் வந்தது!

போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, காலை ஏழு மணி. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் பைக் வந்து நின்றது. அதை அங்கே வரவழைத்தவன் நான்.

சத்தியமாகத் தெரியாமல்தான் செய்தேன். ஆனாலும் செய்தது நான்தான்.

என் ஜெராக்ஸ் கடை வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்குப் போகிற வழியில் இருக்கிறது. நேரில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேப்பரும் பேனாவும் கொடுத்தால் நாலு பக்கம் எழுதுவேன். அதனால் திங்கள்கிழமைகளில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு மனுவும் நானே எழுதித் தருகிறேன்.

அப்படித்தான் கல்பனா வந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் டிபன் கடை போடுகிறவர். கணவர் ஏழுமலை டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. நாள் முழுக்கக் குந்தியே வேலை செய்ததில் இடுப்பு வலி. கூட வேலை செய்கிற யாரோ ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று இரண்டாகி, இப்போது ஒரு நாளைக்கு ஓர் அட்டை. மாத்திரை இல்லாவிட்டால் கை நடுங்குகிறது. நடுங்குகிற கையால் டைல்ஸ் ஒட்ட முடியுமா?

"ஆனா அவரே சொல்லிட்டாருண்ணா" என்றார் கல்பனா. "என்னால முடியல, எங்கனா கூட்டிட்டுப் போயி சேத்துடுன்னு. ஒரு பையில லுங்கி, துண்டு, பிரஷ்ஷெல்லாம் எடுத்து வெச்சிக்கினு உக்காந்திருக்காரு. மனசு மாறுறதுக்குள்ள சேத்துடணும்ணா."

பழக்கத்தில் விழுந்தவர் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த 'சேத்துடு' என்ற வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று. அது காலையில் வாங்கிய பால் மாதிரி. உடனே அடுப்பில் வைத்தாக வேண்டும்.

அவர்கள் முதலில் போனது ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கிருந்த நர்ஸ் நல்ல மனுஷி போல... மறைக்காமல் சொல்லிவிட்டாராம். "இங்க குடிக்குத்தாம்மா பாக்குறோம். அதுக்கே பெட் கம்மி. கவுன்சலிங் குடுக்குறவரு ஒருத்தர்தான். அவரையும் ஸ்கூல் ஸ்கூலா விழிப்புணர்வு பேச அனுப்பிட்டாங்க. ஒரு மனு போட்டுப் பாருங்களேன்."

தனியார் மையமா? டைல்ஸ் மேஸ்திரி குடும்பம் அந்த கேட்டைக்கூடத் தாண்ட முடியாது.

சரி, மனு எழுதினேன். மனுவின் தலையில் 'பொருள்' என்று ஒரு வரி வரும். அதைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுவது என் வழக்கம். கட்டுக்கட்டாக மனு வாங்குகிறவர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எது எந்தத் துறைக்கு என்று பிரிக்கிறார்கள். சட்டென்று கண்ணில் பட வேண்டுமே என்று, 'போதை மாத்திரைப் பழக்கம் – அவசரம்' என்று எழுதினேன். கீழே, என் கணவர் தானாகவே சிகிச்சைக்கு வரச் சம்மதிக்கிறார், ஒரு பெட் கொடுங்கள் என்று ஒரு பக்கம் உருகியிருந்தேன். பெயர், கதவு எண், தெரு... எல்லாம் தெளிவாக.

மூன்றே நாள். அரசாங்கம் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

"இங்க ஏழுமலை யாருய்யா? எவன்கிட்ட வாங்குற? நீ யாராருக்குக் குடுக்குற? சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ!"

தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. பைக் போன பிறகு ஏழுமலை மனைவியிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம்.

"புடிச்சிக் குடுத்துட்டியாடி?"

பிறகு அந்தப் பையைப் பிரித்து, லுங்கியையும் துண்டையும் எடுத்துப் பழையபடி கொடியில் போட்டுவிட்டார். இப்போது ஆஸ்பத்திரி என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.

விஷயம் தெரிந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு மனு கொடுத்த அலுவலகத்துக்குப் போனேன். ஆமாம், நான்தான் போனேன்! அங்கிருந்த ஊழியர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"போதைன்னு இருந்தா போலீஸுக்குத்தாங்க போவும்."

"உள்ள சிகிச்சைன்னு எழுதியிருக்கேனே சார்..."

"எழுதியிருக்கீங்க. அத அனுப்புறதுக்கு இடம் எங்க இருக்குது? எங்க லிஸ்ட்ல அப்படி ஒரு ஆளே இல்லீங்க. நான் இன்னா பண்றது, சொல்லுங்க?"

அந்தக் கேள்வியோடு கடைக்குத் திரும்பினேன். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

ஆனால் போதை ஒழிப்பு உறுதிமொழிக்கு ஆள் இருக்கிறது. அந்தப் படிவங்களைக் கட்டுக்கட்டாக என் கடையிலேயே ஜெராக்ஸ் எடுத்துப் போகிறார்கள். பேரணிக்கு நிதி இருக்கிறது. தொப்பி, டி-ஷர்ட், ஃப்ளெக்ஸ், மனிதச் சங்கிலி — எல்லாவற்றுக்கும் இருக்கிறது. மாத்திரை அட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று, 'தொட மாட்டேன்' என்று கையெழுத்துப் போடுகிறார்கள். நல்லது. ஏற்கெனவே தொட்டுவிட்டவன் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது?

விழிப்புணர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்கிறவனைப் பிடியுங்கள், தாராளமாகப் பிடியுங்கள். அதற்குத்தானே போலீஸ்? ஆனால் 'மீண்டு வாருங்கள்' என்று ரோட்டோரம் பேனர் வைத்துக் கூப்பிடுகிறீர்களே... வந்தவனை எங்கே படுக்க வைப்பீர்கள்? பேனர் மேலேயா?

பேரணி என்றால் போட்டோ எடுக்கலாம், பேப்பரில் வரும். ஒருவர் பத்து நாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பதையும், பக்கத்தில் ஒரு நர்ஸ் கண் விழித்து உட்கார்ந்திருப்பதையும் யார் போட்டோ எடுப்பார்கள்? அதனால் நிதி அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

போன திங்கள்கிழமை கல்பனா மறுபடி வந்தார்.

"அண்ணா, இன்னொரு மனு எழுதணும்."

"பெட்டுக்காம்மா?"

"பெட்டும் வேணா, ஒண்ணும் வேணா. கேஸு கீஸு போட்டுட்டாங்கன்னா எவன் அவர வேலைக்குக் கூப்புடுவான்? எங்க வீட்டுக்காரருக்கு எந்தப் பழக்கமும் இல்ல, சண்டையில கோவத்துல அப்படி எழுதிக் குடுத்துட்டேன்னு எழுதுங்க."

"பொய்யாச்சேம்மா..."

"உண்மைய எழுதித்தானேண்ணா போலீஸ் வந்துச்சு?"

எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? பொருள் வரியில், 'முந்தைய மனுவைத் திரும்பப் பெறுதல்' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். கையெழுத்துப் போடும்போது கல்பனா அழவில்லை. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு அவருக்கு ரெண்டு அட்டை ஆயிடுச்சிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே கல்பனா போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. மனு ஏற்கப்பட்டதாம், பிரச்னை தீர்க்கப்பட்டதாம்.

ஒரு பெட் இல்லை, ஒரு டாக்டர் இல்லை, ஒரு மருந்து இல்லை... ஏழுமலையை அரசாங்கம் ஒரே நாளில் குணப்படுத்திவிட்டது!