சேலத்துக் கொல்லைப்புறங்கள்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் நாமக்கல் பக்கத்து ஜனங்கள் சேலத்துக்கு இரண்டு நாள் போனால் பார்ப்பதற்கென்று ஒரு வரிசை வைத்திருந்தார்கள். கோட்டை மாரியம்மன், செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி, ஜங்ஷனில் ரயில், முடிந்தால் அங்கிருந்து மேட்டூர். நான் இவற்றில் ஒன்றையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. சேலத்தை நான் பின்பக்கமாகவே அறிவேன். காப்பிக் கிளப்பின் பின்பக்கம், கள்ளுக்கடையின் பின்பக்கம், ஜங்ஷன் சத்திரத்தின் பின்பக்கம். முன்பக்கத்தில் மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கிற ஊருக்குப் பின்பக்கத்தில் என்ன மணக்கும் என்று கேட்காதீர்கள்.

காரணம், தீப்பெட்டிப் படம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் யானை, கப்பல், வெள்ளைக்காரச் சீமாட்டி எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்து உரித்து நோட்டில் ஒட்டுவது என் பொழுதுபோக்கு. இருபத்து நாலு வயது, முறுக்கின மீசை, நாலு ஏர் ஓடுகிற பண்ணையம். செய்த வேலை இது. கடையில் புதுப் பெட்டி வாங்கிப் படத்தை உரிப்பது கௌரவக் குறைச்சல் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வேறு போட்டிருந்தேன். எவனோ பற்றவைத்துத் தீர்த்து எறிந்த பெட்டியாக இருக்க வேண்டும். வேட்டைக்காரன் சந்தையில் முயல் வாங்குவானா என்பது என் வாதம். எறிந்த பெட்டி எங்கே கிடக்கும்? எச்சில் இலையிலும் வெற்றிலைத் துப்பலிலும் கிடக்கும். வேட்டைக்காரனும் அங்கேதான் கிடந்தான்.

வைகாசியில் எங்கள் ஊரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாமியார் விஷக் காய்ச்சலில் சேந்தமங்கலத்தில் படுத்திருந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாலையும் கழுத்துமாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீடு போய்விடுவாள். அதற்கு முன்னால் அவளுடைய பெரியம்மா எங்களைச் சேலத்துக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். இரண்டு நாள். பஸ்ஸில் போகும்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

"எனக்குக் கோயிலும் வேண்டாம், ரயிலும் வேண்டாங்க. நாம ரெண்டு பேரும் மாலை போட்டுக்கிட்டு ஒரு போட்டா எடுத்துக்கோணும். அம்மாவுக்குக் காட்டோணும். அவ்வளவுதான்."

போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று என் அம்மா நம்பியதால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. நடந்தால் அந்த இரண்டு நாளில் சேலத்தில்தான் நடக்க வேண்டும். சரி என்றேன். சொல்லிவிட்டு முதல் நாள் முழுவதையும் கள்ளுக்கடைப் பின்புறத்தில் கழித்தேன்.

மறுநாள் விருந்து முடிந்து இரண்டு மாலையும் கூடையுமாக ஜட்கா வண்டியில் ஏறினோம். செவ்வாய்ப்பேட்டைப் போட்டோக்காரர், காலையில் நேரம் கேட்கப் போனபோதே எச்சரித்திருந்தார். அவருக்குக் கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெயில்தான் விளக்கு. நாலு மணிக்கு மேல் வெளிச்சம் பற்றாது. அப்போது இரண்டரை. வழியில் ஒரு காப்பிக் கிளப் தென்பட்டது. பக்கத்திலேயே ஒரு சந்து.

"ஒரே நிமிஷம் புள்ளே" என்று குதித்தேன்.

சந்தில் முழங்கால் உயரத்துக்கு எச்சில் இலை. அதற்கடியில் சாம்பார் நிறத்தில் சாக்கடை. அதைப் பார்த்துச் சாம்பார் வைத்தார்களா, சாம்பாரைப் பார்த்து அதை வைத்தார்களா என்று சொல்ல முடியாது. புளித்த மாவு, ஊறிய காப்பித்தூள், மேலே கறுப்புத் துணி போர்த்தியது போல் ஈ. இரண்டு பன்றிகள் என்னைக் கண்டதும் விலகி இடம் கொடுத்தன, பங்காளி என்று நினைத்திருக்கும். நடுவில் ஒரு சிவப்புத் துப்பலில் ஒட்டிக்கொண்டு ஜப்பான் தீப்பெட்டி கிடந்தது. மேலே நீலக் கொக்கு. நான் அதுவரை கண்டிராத கொக்கு. குனிந்தேன், வழுக்கியது, முழங்கால் வரை இறங்கினேன். கால்விரல்களுக்கு நடுவே ஏதோ மெத்தென்று நசுங்கியது. அது என்ன என்று இன்று வரை நான் யோசிக்க மறுத்துவருகிறேன்.

பின்கதவு திறந்தது. இட்லித் துணியைப் பிழிந்தபடி கிளப்காரர் வந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, என்னத்தத் தொலைச்சுப்புட்டீங்க?"

சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு தீப்பெட்டி பொறுக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது? "மோதரங்க" என்றேன். "மாமனார் ஊட்டுல போட்டதுங்க."

எங்கள் பக்கத்து மனிதர்களிடம் சொல்லக்கூடாத பொய் அது. மாமனார் வீட்டில் போட்ட மோதிரம் தொலைந்தது என்றால், முன்பின் தெரியாதவன்கூட வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிடுவான். கிளப்காரர் முகம் வாடிவிட்டது.

"புது மாப்பிள்ளைங்களா? அடப் பாவமே." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், அந்த மாவுச் சல்லடைய எடுத்துக்கிட்டு வா."

சல்லடையோடு சமையல்காரரும் இறங்கினார். மோதிரம் என் வலது கையில் பத்திரமாக இருந்தது. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"கையில என்னங்க?"

"சுளுக்குங்க."

"மோதரம் கெடைக்கட்டும். வெளக்கெண்ண போட்டு நீவி உடறேன்."

அள்ளி அள்ளிச் சல்லடையில் அலசினார்கள். முடிக்கற்றை வந்தது, வேப்பங்குச்சி வந்தது, பாதி வடை வந்தது, வாலோடு ஒரு எலி வந்தது. போகட்டும் விடுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். "எப்படீங்க போகும், ஊட்டுல அம்மிணிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று மூன்று முறையும் கிளப்காரர் இன்னும் ஆழமாகக் கைவிட்டார். நாலாவது அலசலில் நீலக் கொக்கு வந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்துப் பன்றிப் பக்கம் வீசினார். பன்றி ஒரே மெல்லில் முடித்தது.

சந்து முனையில் வளையல் சத்தம் கேட்டது. மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

"திட்டாதீங்க அம்மிணி" என்றார் கிளப்காரர். "மோதரம் எங்கயும் போகாது. இந்தச் சாக்கடைக்குள்ளதான் கெடக்குது."

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். வண்டியில் வரும்போது அந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே வந்தவள் அவள்தான். "மணி மூணரைங்க" என்றாள் என்னிடம். உண்மையைச் சொல்லிவிட்டு வண்டியேற அது போதுமான நேரம். மீசை இடம் கொடுக்கவில்லை.

"நீ முன்னால போ புள்ளே. தேடிட்டு வந்தர்றேன்."

"சரிங்க, நல்லாத் தேடுங்க" என்றாள். பிறகு கிளப்காரரிடம், "அண்ணா, கெடைக்காம உட்டுறாதீங்க. எங்கப்பா போட்டது" என்றாள். ஜட்கா கிளம்பும் சத்தம் கேட்டது.

இனி மோதிரம் கிடைத்தால்தான் எனக்கு விடுதலை. பைக்குள்ளேயே கழற்றி, யாரும் பார்க்காதபோது காலடியில் நழுவவிட்டுக் குனிந்தேன், உடனே எடுத்துவிடலாம் என்று. அங்கே இல்லை. பக்கத்திலும் இல்லை. அதன்பிறகு நான் தேடியதுதான் தேடல். இரண்டு கையும் முழங்கை வரை போயின. மூஞ்சியில் தெறித்தது, ஒரு துளி உதட்டில் பட்டது. துப்பினேன், துப்பிய இடத்திலேயே மறுபடி கைவிட்டேன்.

"சுளுக்குப் போயிருச்சுங்களா?" என்றார் கிளப்காரர்.

சல்லடையில்தான் கடைசியில் வந்தது. கிளப்காரர் கண்கலங்கி, அதைக் குடிதண்ணீர்க் குடத்துத் தண்ணீரில் கழுவி என் விரலில் மாட்டினார். சமையல்காரர் சல்லடையைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, உதறி, உள்ளே கொண்டுபோய் மாவுப் பானை மேல் கவிழ்த்து வைத்தார். அதே கையோடு எனக்கு ஒரு காப்பி கலந்தார்.

"குடிக்காமப் போனா எனக்கு மனசு ஆறாதுங்க சாமி" என்றார் கிளப்காரர். எனக்காக ஒன்றரை மணி நேரம் சாக்கடையில் நின்ற மனிதர். குடித்தேன். அதைப் பற்றி வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடினேன். கடைவீதி எனக்கு ராஜபாட்டை போல் வழிவிட்டது, மூக்கைப் பிடித்துக்கொண்டு. போட்டோக்காரர் வாசலிலேயே கை காட்டி நிறுத்தினார். வெயில் போய்விட்டது. மனைவி படம் எடுத்து முடித்து உட்கார்ந்திருந்தாள்.

"மோதரம் கெடைச்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

படம் ஆடியில் நேரே சேந்தமங்கலத்துக்குத் தபாலில் போயிற்று. ஆடிப் பதினெட்டு நோன்பி விருந்துக்கு நான் போய் நடையில் நின்றபோது, எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துச் சொம்பை நழுவவிட்டார். உள்ளே போனதும் விஷயம் புரிந்தது. நடுவீட்டுச் சுவரில், மாலையும் கழுத்துமாக என் மனைவி நிற்கிறாள்; பக்கத்தில் காலி நாற்காலி; அதன் முதுகில் என் மாலை. பார்த்தவர்கள் எல்லாரும் மாமியாரிடம் குரலைத் தாழ்த்தி, எப்போது, எப்படி என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாமியார் இளைத்துப்போயிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "போட்டாவுல பாக்கலாமுன்னு இருந்தேனுங்க மாப்பிள்ளை" என்றார்.

படத்துக்கு நேர் கீழே எனக்கு இலை போட்டார்கள். மனைவி சோற்றுத் தட்டோடு வந்து நின்றாள். பரிமாறவில்லை.

"கையை நல்லாக் கழுவீட்டீங்களா?" என்றாள்.

எழுந்து போய் மறுபடி கழுவிக்கொண்டு வந்தேன்.