அப்பா வரும்வரை பனி இருக்க வேண்டும்

எங்கள் வீட்டில் குளிர் வந்துவிட்டதைத் தேங்காய் எண்ணெய் பாட்டில்தான் முதலில் சொல்லும். கார்த்திகை மழை ஓய்ந்து, வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்த பிறகு, ஏதோ ஒரு காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. வெள்ளையாக உறைந்து நிற்கும். அம்மா அதைச் சமையற்கட்டு ஜன்னலில் வெயில் படும் இடத்தில் வைப்பாள். அன்றிலிருந்து எங்களுக்குப் பனிக்காலம்.

இதெல்லாம் ஒரு குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கல்லூரி விடுதியில் என்னோடு இருந்த ஊட்டிப் பெண், நான் மார்கழியில் காதை மூடி மப்ளர் கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கேலி செய்தாள். "உங்க ஊர்ல வருஷம் பூரா குளிர் கிடக்கு. எங்களுக்கு வர்றதே ரெண்டு மாசம். நாங்க நல்லாவே நடுங்கிக்குவோம்" என்றேன். அன்று முதல் கேலி நின்றது.

ஆனால் எங்கள் ஊரிலும் பனி பிடிக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டீக்கடையில் துண்டால் காதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், வந்து தங்கிவிட்டுக் கிளம்பாத உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பனியைத் திட்டுவார்கள். சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் பனி அதிகமானால் இலையில் புள்ளி விழுந்து குலைநோய் வந்துவிடுமோ என்று பயம். கதிர் முற்றிய பிறகு வேறு கவலை. நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அம்மாவுக்குப் பனி என்றால் கால். எத்தனையோ வருடம் மற்றவர்கள் வயலில் சேற்றில் நின்று களை பறித்த கால் அவளுடையது. மார்கழி பிறந்தால் குதிகால் வெடித்துவிடும். உறைந்த எண்ணெயை விரலால் தோண்டி வெடிப்பில் அடைத்துக்கொண்டு, "இது எப்ப ஒழியுமோ" என்பாள்.

பனிக்காக ஏங்கியவர் ஒருவர்தான். அவர் சிங்கப்பூரில் இருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும், பக்கத்து டவுன் பள்ளியில் அறிவியல் டீச்சராக வேலைக்குப் போகிற முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிரும், அதை மறைக்கத் தெரியாது. இதற்காகத்தான் அப்பா கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அது. கப்பலின் அடிப்பக்கத்தில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை. வருடக் கடைசியில் அங்கே வேலை நெருக்கும். அவருக்கு லீவு கிடைத்தால் சித்திரையில் கிடைக்கும், இல்லாவிட்டால் வைகாசியில். கத்திரி வெயிலில் வந்து, வியர்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வியர்த்துக்கொண்டே திரும்பிப் போவார். அங்கேயும் பன்னிரண்டு மாதமும் புழுக்கம்தான். அதன்பிறகு ஒரு குளிர்காலம்கூட அவர் பார்க்காமலே நான் வளர்ந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸை நினைத்துத்தான் ஏங்குகிறார் என்று நாங்கள் வெகுநாள் நினைத்திருந்தோம். குடில் ஜோடித்து, போனை அதன் முன்னால் காட்டுவோம். மாட்டுக்கொட்டில், வைக்கோல், குழந்தை இயேசு எல்லாம் காட்டி முடிப்பேன். பார்த்துவிட்டு, "சரி பாப்பா, எண்ணெய் ஒறைஞ்சிதா?" என்பார்.

"ஒறைஞ்சிடுச்சுப்பா. இன்னிக்குக் காலையில பத்தொம்பது டிகிரி."

"டிகிரி எனக்கெதுக்கு? பாதி பாட்டிலா, முழு பாட்டிலா?"

"முழு பாட்டில்."

"அப்ப நல்ல பனிதான்."

ஒரு மார்கழியில் அவர் தன் தேங்காய் எண்ணெய் பாட்டிலை, தங்கியிருந்த இடத்தின் பிரிட்ஜில் வைத்திருக்கிறார். அறையில் கூட இருந்தவர் என்ன ஏது என்று கேட்டாராம். "எங்க ஊர்ல இப்ப இப்படித்தான் இருக்கும்" என்று எடுத்துக் காட்டினாராம். அம்மா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். போனை வைத்தபின் ஜன்னலில் இருந்த எங்கள் பாட்டிலை எடுத்து, தேவையில்லாமல் துடைத்து, மறுபடி வைத்தாள்.

இன்னொரு காலை, அவர் கேட்டாரே என்று வீடியோ போட்டு வயல் பக்கம் போனேன்.

"பாப்பா, ஒண்ணும் தெரியல. வெள்ளையா இருக்கு. போன் கெட்டுப்போச்சா?"

"அதான்ப்பா பனி."

அவர் முகம் திரையில் இன்னும் கிட்டே வந்தது.

"அப்படியே வச்சிரு" என்றார்.

கை வலிக்கும்வரை வைத்திருந்தேன்.

போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு நாள் கூப்பிட்டார். குரல் துள்ளியது. தையில் லீவு கிடைக்கப் போகிறதாம். "பனி இருக்கறப்பவே வந்துடுவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் புள்ள, வெள்ளன எந்திரிச்சு அந்தப் பனியில ஒரு நாள் நிக்கணும்" என்றார் அம்மாவிடம்.

"எங்க போயிடப்போவுது? உங்களுக்குன்னே மூட்டை கட்டி வைக்கிறேன், வாங்க" என்றாள் அம்மா.

தை பிறந்தது. ஏதோ ஒரு கப்பல் வந்து சேரத் தாமதமாகி, லீவு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ஒவ்வொரு நாளும் வெயில் கொஞ்சம் சீக்கிரமாக ஏறியது. முழு பாட்டில் உறைந்த எண்ணெய் முக்கால் பாட்டிலானது, அரையானது. ஊரே பனி போகட்டும் என்று காத்திருந்தது, கதிர் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டதால். நான் ஒருத்தி மட்டும் அது போகக்கூடாது என்று மாதா கோயிலில் யாருக்கும் சொல்லாமல் வேண்டிக்கொண்டேன். டீச்சர் இப்படி வேண்டலாமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. வானம் தெளிவாக இருந்து, காற்று அசையாமல் இருந்தால் இரவில் தரை சீக்கிரம் குளிரும், அப்போதுதான் பனி இறங்கும் என்று பிள்ளைகளுக்கு நான்தானே நடத்துகிறேன்.

பக்கத்து வயல் பெரியப்பா, நான் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் வரப்பிலிருந்து கூப்பிடுவார். "டீச்சரம்மா, போன்ல பாத்துச் சொல்லு. இந்த எழவெடுத்த பனி எப்ப போவுதாம்?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் பெரியப்பா."

"என்னமோ கல்யாணச் சேதி சொல்ற மாதிரில்ல சொல்ற!"

ஒருவழியாக அப்பா வந்தார். திருச்சி விமான நிலையத்திலிருந்து வரும் வழி முழுக்கக் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். அன்று பார்த்து கடல் பக்கமிருந்து மேகம் ஏறியிருந்தது. வானம் மூடிவிட்டால் பனி கிடையாது. இதுவும் நான் நடத்துகிற பாடம்தான்.

அவர் வந்த பிறகு ஒரு காலையும் பனி இல்லை. இருட்டு பிரியும் முன்பே எழுந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து நிற்பார். படுத்தபடியே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிரே தென்னைமரம் மட்டை மட்டையாகத் தெளிவாகத் தெரியும். துண்டை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வருவார்.

"என்ன, ஆளு வந்தாச்சா?" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

"இல்ல."

பாட்டிலில் எண்ணெய் தண்ணீராக ஆடியது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அறுப்பு மிஷின்கள் காலையிலேயே வயலில் இறங்கின. ஏதோ என் கையில் இருந்ததை நழுவ விட்டுவிட்டதுபோல நான்தான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். அதைக் கவனித்திருப்பார் போல. "பரவால்ல பாப்பா. பனியில நின்னா சளிதான் புடிக்கும்" என்றார்.

நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் வயலுக்கு மிஷின் கிடைத்ததே அவருடைய லீவு முடியும் தறுவாயில்தான். மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் வயலை அறுத்துவிட்டு, மதியத்துக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவதாக டிரைவர் சொல்லியிருந்தார். அன்று பொழுது சாயும்போது துணி எடுக்க வெளியே வந்தேன். மேகம் முழுக்கக் கலைந்திருந்தது. கொடியில் காய்ந்த சேலை அசையாமல் தொங்கியது. பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். தென்னைமரம் இல்லை. கிணறு இல்லை. மாதா கோயில் மணி, எங்கள் கொல்லையிலேயே கட்டித் தொங்கவிட்டதுபோல அத்தனை கிட்டத்தில் அடித்தது. அப்பாவை எழுப்ப ஓடினேன். பாய் சுருட்டி வைத்திருந்தது. அம்மாவையும் காணோம்.

பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு வரப்பில் நடந்தேன். மூக்குக் கண்ணாடி மங்கிப்போய்க் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். பனியில் நின்று அவர் எப்படிப் பார்ப்பார், என்ன சொல்வார் என்று எத்தனை வருடமாக மனத்தில் வரைந்து வைத்திருந்தேன்! ஆள் தெரிவதற்கு முன் குரல் வந்தது.

"இத்தனை நாளு எங்க போயி ஒழிஞ்சிருந்துச்சு இந்தக் கருமம் புடிச்ச பனி? இன்னிக்குத்தான் பாத்து வரணுமா?"

அது என் அப்பாவின் குரல்.

மிஷின் பாதையோரம் நின்றது. டிரைவர் உள்ளேயே போர்த்திக்கொண்டு தூங்கினார். கதிர் காயாமல் இறக்க முடியாது, மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பெரியப்பா தன் வரப்பில் நின்றபடி, "சிங்கப்பூர்காரரு கேட்டாருன்னு வந்திருக்கு. வந்த விருந்தாளிய வையலாமாப்பா?" என்றார்.

"நீங்க வேறண்ணே. மிஷின் போயிட்டா மறுபடி எப்ப வரும்? எனக்கு வேற லீவு முடியப்போவுது."

"இதுக்காங்க அங்க உக்காந்து உசுர விட்டீங்க?" என்றாள் அம்மா.

"நீ பேசாம இரு புள்ள. போயி துணிக்கொடிய அவுத்துட்டு வா."

கொடியை எதற்குக் கேட்கிறார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவசரமானால் கயிறு இழுப்பார்கள். நீளக் கயிற்றின் இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, எதிரெதிர் வரப்பில் நடந்து, கதிரின் நுனியில் படும்படி இழுத்துப்போனால் பனித்துளி உதிர்ந்துவிடும். வெயில் வந்ததும் சீக்கிரம் காயும். அழுத்தி இழுத்தால் நெல்லும் சேர்ந்து உதிரும். அதனால் கை பதமாக இருக்க வேண்டும்.

அம்மா கொடியைக் கொண்டுவந்தாள். அப்பா ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "பாப்பா, நீ இந்த வரப்பு. நான் அந்தாண்ட. நான் வெட்டி இழுத்தா நட. தொய்ய விட்டுடாத."

நடந்து போனார். பத்தடி போவதற்குள் அவரைக் காணவில்லை. துண்டு கட்டிய தலை கடைசியாகக் கரைந்தது. கயிறு மட்டும் என் கையிலிருந்து கிளம்பி வெள்ளைக்குள் போனது. காத்துக்கொண்டு நின்றேன். பிறகு கயிற்றில் ஒரு சின்ன வெட்டு இழுப்பு. நடந்தேன். கதிர்கள் தலை குனிந்து, துளியைச் சிதறிவிட்டு நிமிர்ந்தன. என் பாவாடை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் திட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பனியை, மிஷினை, டிரைவரை, சகதியான வரப்பை, அதைச் சீர் செய்யாத பெரியப்பாவை. பெரியப்பாவும் எங்கிருந்தோ பதில் கொடுத்தார். டீக்கடையில் காதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவார்களே, அதே பேச்சு. ஊரைவிட்டு ஒரு நாளும் போகாத ஆளின் பேச்சு.

எனக்குச் சிரிப்பு வந்தது. கயிறு தொய்ந்துவிட்டது.

"பாப்பா! தூங்கிட்டியா?"

"இல்லப்பா."

"இழுத்துப் புடி."

வெயில் வந்தது, மிஷின் இறங்கியது, நெல் களத்துக்கு வந்தது. டீயை ஊற்றிக் கொடுத்தபோது அப்பாவின் புருவத்தில் துளிகள் நின்றன. துடைக்காமலே குடித்தார். அந்த வாரமே விமானம் ஏறினார்.

இப்போது மறுபடியும் மார்கழி. பாட்டில் ஜன்னலுக்குப் போய்விட்டது. நேற்றுக் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"என்ன பாப்பா, வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா. முழு பாட்டில்."

"சனியன். கதிரு வாங்குற நேரத்துலதான் வரும் அது. பெரியப்பாகிட்டச் சொல்லி இலையில புள்ளி விழுதான்னு பாக்கச் சொல்லு. அம்மா கால்ல எண்ணெய் போடுறாளா?"

"போடுறாங்கப்பா."

அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வீடியோவைப் போட்டு, போனை வயல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார்.

போதும் என்று சொல்லவில்லை. பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானும் கையை இறக்கவில்லை.