மூன்று உழக்கு மிளகாய்த்தூள்

மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று மதியம் இரண்டு மணிக்கு ஸ்டோருக்கு ஆள் வந்தது. ஓடினேன். அவருக்கு நோய் எதுவும் இல்லை. காலி வயிறு, மெஷின் சூடு. அன்று கேன்டீனில் யாருமே சாப்பிட்டிருக்கவில்லை. சாம்பாரை வாயில் வைத்தவர்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தார்கள். அவ்வளவு காரம்.

பல்லடம் பக்கத்தில் ஒரு நூல் மில் அது. நான் ஸ்டோர் கிளார்க். கிலோ, லிட்டர் எல்லாம் புதிதாக வந்த சமயம். அதுவரை கேன்டீனுக்குச் சாமான்களைப் படியிலும் உழக்கிலும் அளந்து கொடுப்போம். நாலு உழக்கு ஒரு படி. சமையல்காரர் மாராத்தாள் அந்த அளவில்தான் நூற்றைம்பது பேருக்கு ஆக்கி இறக்குவார். "இனிமே எல்லாம் தராசுலதான். பழைய படி, உழக்கு எதுவும் என் கண்ணுல படக்கூடாது" என்றார் மேனேஜர். எதற்கு எத்தனை கிராம் என்று அட்டவணை போடும் வேலை என்னிடம் வந்தது.

ஒரு உழக்கு அரிசியை நிறுத்தேன். முந்நூற்றைம்பது கிராம். பருப்பு, உப்பு, தூள் எல்லாவற்றுக்கும் அதையே எழுதி, டைப் அடித்து, கேன்டீன் சுவரில் ஒட்டினேன். அரை மணி நேரத்தில் முடிந்த வேலை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மிளகாய்த்தூள் பொட்டலத்தை வாங்கிய மாராத்தாள் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, சாம்பாருக்கு மூணு உழக்குத்தானுங்களே போடறது? இது அஞ்சுக்கு மேல இருக்குமாட்ட இருக்குதுங்க."

"மூணு உழக்குன்னா ஒரு கிலோ அம்பது கிராமுங்க அக்கா. சீட்டுல இருக்கறதப் போடுங்க."

"மிச்சம் வெச்சா நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டன்னு சொல்லுவீங்க. போட்டுடறனுங்க."

அதைத்தான் போட்டிருந்தார். மயங்கியவரை டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டு மேனேஜர் கேன்டீனுக்கு வந்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, கை அளவு தெரியாதா உனக்கு?"

"ஸ்டோருல குடுத்ததுதானுங்க சாமி."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்னய்யா?"

"அட்டவணைப்படிதாங்க சார் குடுத்தேன்" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. மாராத்தாள் அப்போதே வேலையை விட்டு அனுப்பப்பட்டார்.

சாயங்காலம் ஸ்டோரில் மூலையில் கிடந்த அதே உழக்கில் மிளகாய்த்தூளை அள்ளி நிறுத்தேன். இருநூறு கிராம்கூட வரவில்லை. கல்லுப்பை நிறுத்தேன். அது அரிசியைவிடக் கனம். அட்டவணை முழுக்கத் தப்பு. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. பேசாமல் உழக்கைக் கழுவி வைத்தேன்.

நாலு நாள் புதுச் சமையல் ஆளுக்குத் தூளை மட்டும் குறைத்து நிறுத்துக் கொடுத்து ஓட்டினேன். ஐந்தாம் நாள் தராசை மேனேஜர் மேஜைக்கே கொண்டுபோய், அவர் கண் முன்னால் அரிசியையும் மிளகாய்த்தூளையும் நிறுத்துக் காட்டினேன். அவர் அட்டவணையைக் கிழித்துப் போட்டார். "போயி அந்தம்மாவக் கூட்டிட்டு வாய்யா" என்றார்.

சாமளாபுரத்தில் ஒரு தறி ஷெட்டில் மாராத்தாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தப்பு எல்லாருக்கும் வர்றதுதானுங்க. அத்தன பேரு முன்னால நின்னனே, அப்ப 'இவ காலையிலயே சொன்னா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னாப் போதுமுங்க. இனி அங்க வந்து நான் யாரு மூஞ்சியில முழிக்கறது? நீங்க போயிட்டு வாங்க."

அவர் வரவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அதே ஸ்டோரில் நிறுத்துக்கொண்டே இருந்தேன். ரவை ஒரு எடை, ராகி மாவு ஒரு எடை. அதே மாவை அழுத்தி அள்ளினால் வேறு எடை. சலித்துத்தான் போகும். ஆனாலும் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு சாமானையும் தனியாக நிறுத்துத்தான் எழுத வேண்டும். தப்பு தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நான் நிறுத்துப் பார்த்தது அன்று சாயங்காலமே. வாயைத் திறந்தது ஐந்தாம் நாள்.