நோட்டீஸ் வராதவர்

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ்களுக்கு வெள்ளையடிக்கும் கான்ட்ராக்டர் நான். எங்களில் பலருடைய டெண்டர் தாள்களையும் கணினியில் ஏற்றித் தருவது ஒரே பிரவுசிங் சென்டர்தான். ஏற்றியதைத் திறந்து சரிபார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அப்படித்தான் ஒருமுறை என் டெண்டரில் வேறொரு கான்ட்ராக்டரின் அனுபவச் சான்றிதழ் ஏறிவிட்டது.

பொய்ச் சான்றிதழ் கொடுத்த நீங்கள் டெண்டர் போட இரண்டு ஆண்டு ஏன் தடை விதிக்கக் கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தருக என்று நோட்டீஸ் வந்தது. "நானா பொய்க்காரன்? பதிலே போட மாட்டேன்" என்று அதைக் கசக்கி எறிந்தேன். மனைவிதான் எடுத்து நீவி, "பதில் போடலன்னா ஒத்துக்கினதா ஆயிடுங்க. நேர்ல வந்து சொல்றேன்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

விசாரணை நாளில் அந்தச் சான்றிதழின் சொந்தக்காரர் அலுவலக வாசலில் நின்றிருந்தார். எப்போதும் எனக்குப் போட்டியாக டெண்டர் போடுகிறவர். எனக்குத் தடை விழுந்தால் நான் வெள்ளையடிக்கும் பிளாக்குகள் அவருக்குத்தான் போகும். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே அவர் தன் டெண்டரின் நகலை அதிகாரியின் மேசைமேல் வைத்தார். அதில் இருந்தது என் சான்றிதழ்.

"சென்டர்ல ரெண்டு பேரோடதும் மாறிப்போச்சுங்க சார். எனக்கு இன்னும் நோட்டீஸ் வரல. அவரைத் தடை பண்ணா என்னையும் பண்ணுங்க."

இருவரையும் எச்சரித்து அனுப்பினார்கள். வாசலில் நான் நன்றி சொல்ல வாயெடுத்ததும், "அடுத்த டெண்டர்ல பாத்துக்கலாம்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அடுத்த டெண்டரில் அவர்தான் ஜெயித்தார். தோற்று, கோபம் வராமல் நான் வீடு திரும்பியது அந்த ஒருநாள்தான்.